கல்யாணமா... கிரீன் கார்டா? - 21 வயதைத் தாண்டிய பிள்ளைகளின் நீண்ட வரிசை!

திருத்தணி முருகன் கோயிலுக்கு 365 படிகள். வருடத்தின் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு படி என்று சொல்வார்கள். டிசம்பர் 31 அன்று நடக்கும் படித்திருவிழா இங்கே ரொம்பவே பிரபலம். ஒரு நாளைக்கு ஒரு படி என்று ஏறினால் மலை உச்சிக்குப் போக ஒரு வருடம் ஆகும். அமெரிக்காவில் கிரீன் கார்டு வாங்கிய பெற்றோர், ஊரில் இருக்கும் 21 வயதைத் தாண்டிய மகனையோ மகளையோ அழைத்துக்கொள்ள வேண்டுமென்றால், இதே மலையை ஒன்பது முறை ஏறி முடிக்கும் அளவுக்குக் காத்திருக்க வேண்டும். ஆமாம், சுமார் ஒன்பது வருடம்!

படிப்பு முடிந்து, வேலையில் சேர்ந்து, வீட்டில் வரன் பார்க்கத் தொடங்கும் வயதில்தான் இந்த ஒன்பது வருடம் வருகிறது. அதனால் 'விசா எப்போது வரும்?' என்ற கேள்வியோடு இன்னொன்றும் சேர்ந்தே வருகிறது. 'அதுவரைக்கும் கல்யாணம் பண்ணலாமா, கூடாதா?'

அப்பா, அம்மாவுக்கு உடனே... தம்பிக்கு?

திருத்தணியில் ஒரு குடும்பம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அக்கா ஐ.டி வேலைக்காக அமெரிக்கா போய், பல வருடங்களுக்குப் பிறகு அந்த நாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டார். அப்பாவுக்கு 62 வயது, அம்மாவுக்கு 58. தம்பிக்கு 26.

அமெரிக்கச் சட்டப்படி, 21 வயது நிறைந்த குடிமக்களின் பெற்றோர் 'நெருங்கிய உறவினர்' பட்டியலில் வருகிறார்கள். இந்தப் பட்டியலுக்கு வருடத்துக்கு இத்தனை விசாதான் என்ற உச்ச வரம்பு இல்லை. அலுவலக வேலைகள் முடிந்தால் பெற்றோர் கிளம்பிவிடலாம்.

ஆனால், இதே பட்டியலில் ஒரு சிக்கல் இருக்கிறது. பெற்றோருக்குக் கிடைக்கும் இந்த விசாவில் அவர்களுடைய மற்ற பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்ள முடியாது. தம்பிக்கு 26 வயது என்றாலும் சரி, 12 வயது என்றாலும் சரி, விதி ஒன்றுதான். பெற்றோர் அங்கே போய் கிரீன் கார்டு வாங்கிய பிறகு, தம்பிக்காகத் தனியாக 'ஐ-130' என்ற மனுவைப் போட வேண்டும். அந்த மனு அமெரிக்கக் குடியேற்றத் துறைக்குப் போய்ச் சேரும் நாள்தான் தம்பியின் வரிசைத் தேதி. ரேஷன் கடை டோக்கன் மாதிரி, அந்தத் தேதியை வைத்துத்தான் இனி எல்லாமே!

எந்த வரிசையில் எவ்வளவு நேரம்?

இப்போதுள்ள ஒதுக்கீடு, அமெரிக்காவின் 1990-ம் ஆண்டு குடியேற்றச் சட்டத்தில் முடிவானது. உலகம் முழுவதற்கும் சேர்த்து ஒரு வருடத்துக்கான எண்ணிக்கை இது.

- எஃப்1: குடிமக்களின் 21 வயதைத் தாண்டிய, திருமணமாகாத பிள்ளைகள். 23,400 விசா. (மாணவர் விசாவையும் எஃப்-1 என்பார்கள். அது வேறு, இது வேறு.)
- எஃப்2பி: கிரீன் கார்டு வைத்திருப்பவர்களின் 21 வயதைத் தாண்டிய, திருமணமாகாத பிள்ளைகள். சுமார் 26,000 விசா.
- எஃப்3: குடிமக்களின் திருமணமான பிள்ளைகள். 23,400 விசா.
- எஃப்4: குடிமக்களின் அண்ணன், தம்பி, அக்கா, தங்கைகள். 65,000 விசா.

இதற்குள் எந்த ஒரு நாட்டுக்கும் 7 சதவிகிதத்துக்கு மேல் கிடையாது. நாடு பெரியதோ சின்னதோ, எல்லோருக்கும் ஒரே அளவுதான். விண்ணப்பங்கள் மிக அதிகமாகும் நாடுகளுக்குத் தனி வரிசை உருவாகிவிடும்.

யாருடைய முறை வந்திருக்கிறது என்பதை அமெரிக்க வெளியுறவுத் துறை மாதாமாதம் 'விசா புல்லட்டின்' என்ற பட்டியலில் வெளியிடுகிறது. 2025-ன் தொடக்கத்தில் வந்த பட்டியலில், இந்தியர்களுக்கு எஃப்1 பிரிவில் 2015-ம் ஆண்டு வரை மனு போட்டவர்களுக்கு வழி திறந்திருந்தது. எஃப்2பி பிரிவில் 2016. எஃப்3 பிரிவில் 2010. எஃப்4 பிரிவில் 2006! அதாவது முறையே சுமார் 9, 9, 15, 19 வருடக் காத்திருப்பு. மெக்ஸிகோ நாட்டவருக்கு எஃப்1 வரிசையே 20 வருடம்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். இது இப்போது விசா வாங்குபவர்கள் காத்திருந்த காலம். இன்று வரிசையில் சேர்பவருக்கும் இதே காலம்தான் ஆகும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. பட்டியலில் தேதி சில மாதங்கள் நகராமல் நிற்கும், சில நேரம் பின்னாலும் போகும்.

வயது ஓடும்... வரிசை ஊரும்!

இன்னொரு வகைக் குடும்பம் உண்டு. சித்தப்பா அமெரிக்கக் குடிமகன். அண்ணன் குடும்பத்துக்காக எஃப்4 பிரிவில் மனு போடுகிறார். அப்போது அண்ணன் மகளுக்கு 5 வயது, மகனுக்கு 1 வயது. 19 வருடம் கழித்து முறை வரும்போது மகனுக்கு 20, மகளுக்கு 24. அப்பா, அம்மா, மகன் மூவரும் கிளம்பலாம். மகள் மட்டும் ஊரில் நிற்க வேண்டும். 21 வயது நிறைந்துவிட்டால் அவர் 'குழந்தை' இல்லை!

இந்தக் கஷ்டத்தைக் குறைக்கத்தான் 2002-ல் 'குழந்தை நிலைப் பாதுகாப்புச் சட்டம்' வந்தது. மனு எத்தனை நாள் அலுவலகத்தில் பரிசீலனையில் இருந்ததோ, அத்தனை நாளைப் பிள்ளையின் வயதிலிருந்து கழித்துக்கொள்ளலாம். முறை வரும்போது வயது 21 வருடம் 10 மாதம், மனு பரிசீலனையில் இருந்தது 14 மாதம் என்றால், சட்டத்தின் கண்ணில் வயது 20 வருடம் 8 மாதம். பிள்ளை தப்பித்தது. ஆனால், முறை வந்த ஒரு வருடத்துக்குள் விசாவுக்கான அடுத்த வேலையைத் தொடங்கிவிட வேண்டும்.

கழித்த பிறகும் 21-ஐத் தாண்டினால்? இந்தக் கேள்வி அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனது. எல் சால்வடார் நாட்டைச் சேர்ந்த ரோசலினா குவெயார் டி ஒசோரியோவுக்காக, குடியுரிமை பெற்ற அவருடைய தாய் 1998-ல் மனு போட்டார். அப்போது ரோசலினாவின் மகனுக்கு 13 வயது. 2005-ல் முறை வந்தபோது, சில மாதங்களுக்கு முன்புதான் மகனுக்கு 21 நிறைந்திருந்தது. 'இத்தனை வருடம் காத்திருந்ததைக் கணக்கில் எடுத்து, பழைய தேதியையே மகனுக்குத் தர வேண்டும்' என்பது குடும்பத்தின் வாதம். 2014 ஜூன் 9 அன்று, 5-க்கு 4 என்ற கணக்கில் நீதிமன்றம் அரசின் பக்கம் தீர்ப்பளித்தது. அதனால் இப்படி விடுபட்ட பிள்ளைகள் புது மனு, புதுத் தேதியோடு வரிசையின் கடைசியிலிருந்து தொடங்க வேண்டும்.

தாலி கட்டினால் என்ன ஆகும்?

இனி கல்யாண விஷயம். நம் ஊர்க் குடும்பங்கள் அதிகம் குழம்புவது இங்கேதான். ஒரே கல்யாணம், மனு போட்டவர் யார் என்பதைப் பொறுத்து மூன்று விதமாக வேலை செய்கிறது.

மனு போட்ட அப்பாவோ அம்மாவோ கிரீன் கார்டில் மட்டும் இருக்கிறார் என்றால், பிள்ளைக்குக் கல்யாணம் ஆன அன்றே மனு தானாக ரத்து! எட்டு வருடம் காத்திருந்திருந்தாலும் போனது போனதுதான். பின்னால் விவாகரத்து ஆனாலும் பழைய தேதி திரும்ப வராது. கிரீன் கார்டு வைத்திருப்பவர் திருமணமான பிள்ளைக்கு மனு போட, சட்டத்தில் இடமே இல்லை.

மனு போட்டவர் குடியுரிமை வாங்கிவிட்டார் என்றால், கல்யாணத்துக்குப் பிறகும் மனு உயிரோடு இருக்கும். எஃப்1-லிருந்து எஃப்3 வரிசைக்கு மாறும், அவ்வளவுதான். காத்திருப்பு கூடும். ஆனால், பழைய தேதி அப்படியே தொடரும். கணவர் அல்லது மனைவி, 21 வயதுக்குட்பட்ட குழந்தைகள் என எல்லோரும் சேர்ந்தே போகலாம்.

அக்கா போட்ட எஃப்4 மனு என்றால், கல்யாணத்தால் எந்தப் பாதிப்பும் இல்லை. அதனால், பெற்றோர் ஒரு மனு போட்டாலும், குடியுரிமை உள்ள அக்காவும் தம்பிக்காக ஒரு மனுவைப் போட்டுவைக்கலாம். இரண்டும் ஒரே நேரத்தில் இருக்கலாம். ஒன்று ரத்தானாலும் இன்னொன்று நிற்கும்.

'கோயில்லதானே கட்டினோம், ரிஜிஸ்டர் பண்ணலையே!'

முருகன் கோயில்களில் கல்யாணம் நம் ஊரில் சர்வசாதாரணம். 'கோயிலில் எளிமையாகத் தாலி கட்டிவிடலாம், விசா வந்த பிறகு பதிவு செய்துகொள்ளலாம்' என்ற யோசனையும் சுலபமாக வரும். இது ஆபத்து.

கல்யாணம் நடந்த இடத்தின் சட்டப்படி அது செல்லுமா என்பதைத்தான் அமெரிக்கா பார்க்கிறது. இந்து திருமணச் சட்டப்படி, முறையான சடங்கோடு நடந்த கல்யாணம் பதிவு செய்யாவிட்டாலும் செல்லும். தமிழ்நாட்டில் 1967-ல் சேர்க்கப்பட்ட 7-ஏ பிரிவின்படி, உறவினர்கள், நண்பர்கள் முன்னிலையில் மாலை மாற்றியோ, மோதிரம் அணிவித்தோ, தாலி கட்டியோ செய்துகொள்ளும் சுயமரியாதைத் திருமணமும் செல்லும். ஆக, தாலி ஏறிவிட்டால் அவர் திருமணமானவர்தான். அதை மறைத்து விசா வாங்குவது பொய்த் தகவல் தருவது. பிடிபட்டால் அமெரிக்காவுக்குள் நுழைய நிரந்தரத் தடை வரை போகும்.

நிச்சயதார்த்தம் வேறு. அது கல்யாணம் ஆகாது. அதேபோல, விவாகரத்து ஆனவர்களும் துணையை இழந்தவர்களும் சட்டப்படி 'திருமணமாகாதவர்' கணக்கில் வருவார்கள்.

காத்திருக்க வேண்டியது எந்தத் தேதிக்கு?

பெரும்பாலான வீடுகளில் 'விசா கைக்கு வரட்டும், பிறகு கல்யாணம்' என்று ஒன்பது வருடத்தையும் தள்ளிப்போடுவார்கள். 26 வயதுத் தம்பிக்கு அப்போது 35 ஆகிவிடும்.

உண்மையில் பார்க்க வேண்டிய தேதி வேறு. அது பெற்றோர் குடியுரிமை உறுதிமொழி எடுக்கும் நாள். கிரீன் கார்டு வாங்கி 5 வருடம் ஆனால் குடியுரிமைக்குத் தகுதி வரும். அப்பாவோ அம்மாவோ, மனு போட்டவர் குடியுரிமை பெற்றுவிட்டால், அதன் பிறகு நடக்கும் கல்யாணத்தால் மனு சாகாது. விசா வந்துசேரும் வருடம் யார் கையிலும் இல்லை. குடியுரிமைத் தேதியை ஓரளவு திட்டமிட முடியும்.

அதற்கும் விலை உண்டு. அந்த 5 வருடத்தில் குறைந்தது பாதி நாள்கள் பெற்றோர் அமெரிக்காவிலேயே இருந்திருக்க வேண்டும். ஒரே பயணத்தில் 6 மாதத்துக்கு மேல் ஊரில் தங்கினால் கேள்வி வரும். முன் அனுமதி இல்லாமல் ஒரு வருடத்தைத் தாண்டினால் கிரீன் கார்டுக்கே சிக்கல். ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுக்க வந்துவிட்டு, பொங்கல் முடித்துப் போகலாம் என்று தங்குவதற்கு முன் நாள்களை எண்ணிப் பார்க்க வேண்டும்.

பிறகு தேர்வு. ஆங்கிலமும், அமெரிக்க வரலாறு, அரசமைப்பு பற்றிய கேள்விகளும் இருக்கும். 55 வயதைத் தாண்டி, 15 வருடம் கிரீன் கார்டில் இருந்தவர்களுக்கு ஆங்கிலத் தேர்விலிருந்து விலக்கு உண்டு. 58 வயதில் போகும் அம்மாவுக்கு 63 வயதில் அந்தச் சலுகை கிடையாது. அதனால் மகனின் கல்யாணத் தேதி, அம்மாவின் ஆங்கிலப் பயிற்சியிலும் இருக்கிறது!

இன்னொரு கசப்பான உண்மையும் உண்டு. மனு போட்டவர் இடையில் இறந்துவிட்டால் மனு ரத்தாகும். ஏற்கெனவே அங்கீகாரம் பெற்ற மனு என்றால், மனிதாபிமான அடிப்படையில் உயிர்ப்பிக்கக் கோரலாம். அது அதிகாரிகளின் விருப்பத்தைப் பொறுத்தது.

ஒரே ஊர், மூன்று மாவட்டம்

திருத்தணிக்காரர்கள் ஆவணங்களில் கூடுதல் கவனமாக இருப்பது நல்லது. 1960 ஏப்ரல் 1 வரை திருத்தணி, ஆந்திராவின் சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. ம.பொ.சி முன்னின்ற வடக்கு எல்லைப் போராட்டத்துக்குப் பிறகு, படாஸ்கர் தீர்வின்படி சென்னை மாகாணத்துக்கு வந்து, செங்கல்பட்டு மாவட்டத்தில் சேர்ந்தது. 1997-ல் திருவள்ளூர் மாவட்டம் உருவானது. அப்பாவின் சான்றிதழில் சித்தூர், மகனுடையதில் செங்கல்பட்டு, பாஸ்போர்ட்டில் திருவள்ளூர் என்று இருந்தால் அது தவறல்ல, ஆனால் விளக்கம் தயாராக இருக்க வேண்டும். நகரியிலோ திருப்பதியிலோ பிறந்து, தெலுங்கில் சான்றிதழ் இருந்தால் சான்றளித்த ஆங்கில மொழிபெயர்ப்பு தேவை. தமிழுக்கும் அதேதான். இனிஷியல் ஓரிடத்தில், அப்பா பெயர் முழுதாக இன்னோரிடத்தில் என்ற குழப்பத்தையும் இப்போதே சரிசெய்யலாம். காத்திருக்கும் வருடங்களில் செய்யக்கூடிய வேலை இது.

மற்ற நாடுகளில்?

கனடாவில் பெற்றோரோடு சேரும் பிள்ளைக்கு வயது 22-க்குள் இருக்க வேண்டும். 2014 ஆகஸ்ட்டில் இதை 19-க்குள் என்று குறைத்து, 2017 அக்டோபரில் மீண்டும் 22 ஆக்கினார்கள். ஆஸ்திரேலியாவில் முழுநேரம் படித்துக்கொண்டு, பெற்றோரைச் சார்ந்திருக்கும் திருமணமாகாத பிள்ளைக்கு 25 வயது வரை வாய்ப்பு. பிரிட்டனில் 18 வயதைத் தாண்டினால், நோயாலோ உடல் குறைபாட்டாலோ நீண்டகாலப் பராமரிப்பு தேவைப்படுபவர்களுக்குத்தான் பொதுவாக வழி. அந்த வகையில் அமெரிக்காவின் வரிசை நீளமானாலும், வளர்ந்த பிள்ளைகளுக்கும் ஒரு கதவு இருக்கிறது.

கல்யாணத் தேதி குறிக்கும் முன்...

- மனு போட்டவர் கிரீன் கார்டா, குடியுரிமையா? முதலில் இதைக் கேளுங்கள்.
- வரிசைத் தேதி உள்ள ரசீதைப் பத்திரமாக வையுங்கள். முகவரி மாறினால் தெரிவியுங்கள்.
- இடையில் டூரிஸ்ட் விசாவுக்கு விண்ணப்பித்தால், ஐ-130 மனு இருப்பதை மறைக்காதீர்கள். படிவத்திலேயே அந்தக் கேள்வி இருக்கிறது. மனு இருப்பதால், அங்கேயே தங்கிவிடுவார் என்று நினைத்து அதிகாரி மறுக்கவும் கூடும்.
- ஏஜென்ட் சொன்னார் என்று எதையும் செய்யாமல், சந்தேகம் என்றால் அமெரிக்காவில் பதிவு பெற்ற குடியேற்ற வழக்கறிஞரிடம் கேளுங்கள்.
- வரன் வீட்டாரிடம் 'சீக்கிரம் அமெரிக்கா' என்று வாக்குக் கொடுக்காதீர்கள். எந்த வரிசை, எத்தனை வருடம் என்பதைச் சொல்லிவிடுங்கள். காத்திருக்கப் போவது அந்தப் பெண்ணோ பையனோ கூடத்தான்!