பச்சை சொல்லும் கதை



ஜூலை 31-ஆம் நாள் நம் நாட்டில் வீரர் தினம். அதையொட்டி, சுங்கை வேயில் என் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு முதிய இராணுவ வீரரின் படத்தைக் காட்டினேன். நெஞ்சு நிறையப் பதக்கங்கள். தொண்டையிலோ பச்சை குத்தியிருந்தது. நான்காம் ஆண்டு மாணவன் ஒருவன் எழுந்து, "சார், இந்தத் தாத்தா குண்டர் கும்பலா?" என்று கேட்டான். வகுப்பே சிரித்தது.

பையனைக் குறை சொல்வதற்கில்லை. பச்சை குத்தியவர் என்றால் போக்கிரி என்ற பேச்சுத்தானே பிள்ளைகள் காதில் விழுகிறது? ஆனால், படத்தில் இருந்தவர் யார் தெரியுமா? சரவாக்கைச் சேர்ந்த கானாங் அனாக் லங்காவ். ரேஞ்சர் படையில் பணியாற்றிய இபான் வீரர். 1980-இல் பேராக் காட்டில் நடந்த சண்டையில், உடலில் குண்டுகள் பாய்ந்தும் உயிர் பிழைத்தவர். நாட்டின் மிக உயர்ந்த வீர விருதான 'ஸ்ரீ பலவான் காகா பெர்காசா' பெற்றவர். 2013-இல் காலமானார்.

இபான் மக்களிடையே பச்சை என்பது வெறும் அலங்காரம் அன்று. இளைஞன் ஒருவன் முதன்முதலாக நீண்ட வீட்டை விட்டு வெளியூர் புறப்படும்போது, இரண்டு தோள்களிலும் கத்தரிப்பூ வடிவத்தைக் குத்துவார்கள். பூவின் நடுவே சுருள் ஒன்று இருக்கும். அதை 'உயிர்க்கயிறு' என்பார்கள். தொண்டையில் குத்துவது எதிரியின் கத்தியிலிருந்து காக்கும் என்பது பழைய நம்பிக்கை. ஊசி கட்டிய குச்சியை இன்னொரு குச்சியால் தட்டித் தட்டி, புகைக்கரியைத் தோலுக்குள் இறக்குவார்கள். வலி கொஞ்சமா? அதைத் தாங்கியவன் ஆண்மகன்.

இந்த வீரர்களை நம் தோட்டத்துப் பெரியவர்கள் சிலர் நேரிலேயே பார்த்திருப்பார்கள். 1948 முதல் 1960 வரை அவசரகாலம் அல்லவா? அப்போது காட்டில் வழி கண்டுபிடிக்க இபான்களைப் பட்டாளத்தோடு அழைத்து வந்தார்கள். மடங்கிய இலையையும் மண்ணில் பதிந்த காலடியையும் பார்த்தே, எத்தனை பேர், எந்தப் பக்கம் போனார்கள் என்று சொல்லிவிடுவார்களாம். அவர்களில் ஒருவரான அவாங் அனாக் ராவெங், 1951-இல் தாம் குண்டடிபட்ட நிலையிலும், காயமடைந்த சக வீரரைக் காப்பாற்றி 'ஜார்ஜ் சிலுவை' விருது பெற்றார்.

சரி, குத்திய பச்சை ஏன் அழிவதில்லை? நம் மேல்தோல் ஏறக்குறைய மாதம் ஒருமுறை உதிர்ந்து புதிதாகிறது. மையோ அதற்கும் கீழே உள்ள தோலில் இறங்குகிறது. உடலின் காவல் அணுக்கள் அந்தக் கரித்தூளை விழுங்குகின்றன. ஆனால் செரிக்க முடிவதில்லை. ஓர் அணு மடிந்தால், அது விட்ட மையைப் பக்கத்து அணு வாங்கிக்கொள்கிறது. பட்டாளத்தில் காவலாள் மாறினாலும் காவல் மாறாதது போலத்தான்! கறுப்புக் கரி தோல் வழியாகப் பார்க்கும்போது நீலம் கலந்த பச்சையாகத் தெரிகிறது.

பெற்றோர்களே, ஒரு சொல். ஒருவருக்குப் போட்ட ஊசியை மற்றவருக்கும் போட்டால், கல்லீரலைக் கெடுக்கும் நோயும் எய்ட்ஸ் கிருமியும் தொற்றலாம். ஆசைக்காகக் கண்ட இடத்தில் குத்திக்கொள்ள வேண்டாம் என்று பிள்ளைகளிடம் சொல்லி வையுங்கள்.

இப்போது அந்தப் பையனிடம் வருவோம். "உன் வீட்டில் யாருக்காவது பச்சை உண்டா?" என்று கேட்டேன். "கொள்ளுப்பாட்டி கையில் இருக்கு, சார்." "என்னவென்று கேட்டுக்கொண்டு வா" என்று அனுப்பினேன்.

மறுநாள் வந்து சொன்னான். அது ஒரு பெயர். பாட்டியுடைய அண்ணனின் பெயர். 1943-இல் சுபாஷ் சந்திர போஸின் அழைப்பைக் கேட்டு, மலாயாத் தோட்டங்களிலிருந்து எத்தனையோ தமிழர்கள் இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்தார்கள். இவரும் சேர்ந்தார். பர்மா பக்கம் போனவர் திரும்பவில்லை. வீட்டில் அவர் படம் இல்லை, கடிதம் இல்லை, பதக்கமும் இல்லை. "பெயராவது நம்மோடு இருக்கட்டும்" என்று தாயார் தம் மகளின் கையில் குத்தச் செய்தாராம்.

அந்தப் பாட்டியின் கையை நானும் பலமுறை பார்த்திருக்கிறேன். ஒருநாளும் கேட்டதில்லை. பள்ளிக்கூடத்து வாத்தியாருக்கே தோன்றாத கேள்வி அது! பையன் அன்று சிரிக்கவில்லை. வரலாற்று நோட்டில் அந்தப் பெயரை எழுதிக் காட்டினான்.

நேயர்களே, அந்தப் படையில் இருந்த நம்மவர்களில் பெரும்பாலோர் இன்று இல்லை. அவர்களை அறிந்தவர்களும் குறைந்து வருகிறார்கள். காகிதத்தில் எழுதத் தெரியாதவர்கள் கையில் எழுதி வைத்தார்கள். கை மறைந்தால் எழுத்தும் மறைந்துவிடும். ஆகவே, உங்கள் வீட்டுப் பெரியவர் கையில் பச்சை இருந்தால், இன்று இரவே பிள்ளைகளை அருகில் உட்கார வைத்து, "இது என்ன?" என்று கேட்கச் சொல்லுங்கள். கேட்டதை ஒரு நோட்டில் எழுதி வைக்கச் சொல்லுங்கள்.