இரண்டாவது சாவி

வங்கிப் பெட்டகத்தை ஒரே அலுவலர் தனியாகத் திறக்க இயலாது. இரண்டு சாவிகள், அவற்றை வைத்திருப்போரும் இருவர். இப்பழைய ஏற்பாடு எங்கள் கிளைகளில் இன்றும் தொடர்கிறது. ஆயினும், வாடிக்கையாளர்களின் பணத்தில் பெரும்பகுதி இப்போது கணினி வலையமைப்பின் வழியாகவே கைமாறுகிறது. அவ்வழியைக் காக்கும் கருவிகளும் சேவைகளும் நம் நாட்டில் தனியொரு சந்தையாக வளர்ந்துள்ளன.

இவ்வளர்ச்சிக்கு அச்சம் மட்டுமன்றி விதிமுறைகளும் காரணமாகும். வங்கிகள் இணையப் பாதுகாப்புக்கெனத் தனிக்கொள்கை வகுக்க வேண்டும், இடைவிடாது இயங்கும் கண்காணிப்பு மையத்தை நிறுவ வேண்டும் என்று 2016 ஜூனில் ரிசர்வ் வங்கி பணித்தது. இணையத் தாக்குதல்களை 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்று மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு 2022 ஏப்ரலில் ஆணையிட்டது. தனிநபர் தரவைக் காக்கத் தவறும் நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க 2023ஆம் ஆண்டின் சட்டம் வகை செய்கிறது. இவற்றால் கண்காணிப்பு, தணிக்கை, பயிற்சி ஆகிய சேவைகளுக்குத் தேவை பெருகியது.

ஆனால், சந்தையில் கிடைப்பதை எல்லோராலும் வாங்க முடிவதில்லை. பெரிய வங்கி தனக்கென வல்லுநர் குழுவையே அமர்த்திக்கொள்ளும். சில கிளைகளே கொண்ட நகரக் கூட்டுறவு வங்கி, கணினிப் பணிகளுக்கு வெளி நிறுவனத்தையே நம்பியிருக்கும். 2024 ஜூலை இறுதியில், அத்தகைய சேவை நிறுவனம் ஒன்று பிணைத்தொகை கேட்கும் தீநிரலால் தாக்கப்பட்டது. பாதிப்பு பரவாதிருக்க, தேசியப் பணப்பரிவர்த்தனைக் கழகம் அந்நிறுவனத்தின் இணைப்பைத் தற்காலிகமாகத் துண்டித்தது. ஏறத்தாழ 300 சிறிய வங்கிகளின் வாடிக்கையாளர்களுக்குப் பணப்பரிவர்த்தனை தடைபட்டது. ஓரிடத்து ஓட்டை ஊரெங்கும் உணரப்படும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை. கூட்டுறவு வங்கிகளை நான்கு நிலைகளாகப் பிரித்து, அவற்றின் வசதிக்கேற்பக் கட்டுப்பாடுகளை ரிசர்வ் வங்கி 2019 இறுதியில் வகுத்ததும் இவ்வேற்றத்தாழ்வைக் கருதியே.

இன்னொரு குறையை எந்தச் சந்தையாலும் நிரப்ப இயலாது. வாடிக்கையாளரே கடவுச்சொல்லைச் சொல்லிவிட்டால், விலையுயர்ந்த மென்பொருளும் பெரும்பாலும் கைகட்டியே நிற்கும். ‘டிஜிட்டல் கைது’ என்று மிரட்டிப் பணம் பறிக்கிறார்கள். அப்படியொரு கைது நம் சட்டத்தில் இல்லை. ஏமாந்தவர்களுள் பலர், வீட்டாருக்குத் தெரிந்துவிடுமோ என்ற கூச்சத்தால் நாள்களைக் கடத்திய பிறகே எங்களிடம் வருகிறார்கள். அதற்குள் பணம் பல கணக்குகளைக் கடந்துவிடுகிறது.

2017இல் ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கையை இங்கு நினைவூட்ட விரும்புகிறோம். வங்கியின் தவறோ வாடிக்கையாளரின் தவறோ இன்றி நேர்ந்த மோசடியை, தகவல் கிடைத்த 3 வேலை நாள்களுக்குள் தெரிவித்தால் வாடிக்கையாளருக்குப் பொறுப்பு இல்லை என்று அது வகுத்தது. வாடிக்கையாளரின் கவனக்குறைவால் நேர்ந்த இழப்பிலும், அவர் வங்கிக்குத் தெரிவித்த பிறகு ஏற்படும் இழப்பு வங்கியையே சாரும் என்றது. ஆகவே, தவறியவரும் தாமதிக்கலாகாது. உடனே 1930 என்ற எண்ணை அழையுங்கள், வங்கிக்கும் தெரிவியுங்கள்.

பாதுகாப்புக் கருவிகளை வாங்குவதும் அவற்றைப் பழுதின்றிப் பேணுவதும் எங்கள் கடமை. அது முதல் சாவி. இரண்டாவது சாவி தங்களிடம் உள்ளது. அதை எவர் கேட்டாலும் கொடாதீர்கள். ஒருவேளை தவறவிட்டால், அன்றே எங்களிடம் சொல்லுங்கள்.