ரிப்பீட்டர் கோடு எல்லார் காதிலும் விழும்

கோலார் தங்க வயலின் ஷாஃப்டுகளில் கூண்டை ஏற்றவும் இறக்கவும் மணியடித்துத்தான் சொன்னார்கள். எத்தனை அடிக்கு என்ன அர்த்தம் என்பது ரகசியமில்லை. ஷாஃப்ட் வாயிலிலும் இன்ஜின் அறையிலும் எழுதி மாட்ட வேண்டும் என்பதே சுரங்க விதி. ஆனால் அதற்கென்று நியமிக்கப்பட்டவர் தவிர வேறு யாரும் மணியடிக்கக் கூடாது. 3 கிலோமீட்டருக்கும் ஆழமான சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் இறங்கியவர்களின் உயிர் அந்த விதியில் இருந்தது. 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கம் மூடப்பட்டது. இன்று இந்த ஊரில் ஹாம் எனப்படும் அமெச்சூர் ரேடியோவுக்கு ரிப்பீட்டர் வைக்க நினைப்பவர்கள் பிடித்துக்கொள்ள வேண்டியதும் அதே விதியைத்தான்.

ரிப்பீட்டர் ஒரு அலைவரிசையில் கேட்டதை இன்னொன்றில் பலமாகத் திருப்பிச் சொல்லும். 144–146 மெகாஹெர்ட்ஸில் வழக்கமான இடைவெளி 600 கிலோஹெர்ட்ஸ். நிலையத்தின் அடையாளப் பெயரான கால் சைனைச் சொல்வது, யாராவது பட்டனை விடாமல் பிடித்திருந்தால் நேரம் பார்த்து நிறுத்துவது எல்லாம் ரிப்பீட்டரோடு இணைந்த கன்ட்ரோலரின் வேலை. அதற்குக் கட்டளை, போன் பொத்தான் ஒலிகளாகக் காற்றிலேயே போகிறது. ஒலியைப் பதிவு செய்து திருப்பிப் போட்டாலே போதும், கதவு திறந்துவிடும். நேரக்கட்டுப்பாட்டை எவனாவது எடுத்துவிட்டால் டிரான்ஸ்மிட்டர் சூடேறிக் கருகும்.

பேச்சுக்கு அடியில் சேர்ந்து போகும், 67 ஹெர்ட்ஸில் தொடங்கும் சப்-டோன் என்ற தாழ்ந்த ஒலியைப் பூட்டு என்று நம்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். மலிவான கையடக்க ரேடியோவே அதைத் தேடிக் கண்டுபிடித்துவிடும். சங்கேதமாக்கலாமே என்றால், பொருளை மறைத்துப் பேசுவது ஹாம் அலைவரிசையில் ஆகாது. சர்வதேச விதி விலக்களிப்பது செயற்கைக்கோளுக்கான கட்டளைகளுக்கு மட்டும். 2005-இல் இஸ்ரோ ஏவிய ஹாம்சாட் செயற்கைக்கோளுக்கு இருந்த சலுகை மலையுச்சி ரிப்பீட்டருக்கு இல்லை.

ஆகவே கன்ட்ரோலர் பெட்டியைப் பிரித்ததும் கம்பெனி போட்ட மாஸ்டர் கோடை மாற்றுங்கள்; அது கையேட்டிலேயே அச்சாகியிருக்கும். புரோகிராமிங்கை நேரில் போய் கேபிள் வழியே மட்டும் செய்யுங்கள். காற்றுவழிக் கட்டளை தவிர்க்க முடியாதென்றால், ஒருமுறை அடித்ததும் செத்துவிடும் கோடுகளின் பட்டியல் நல்லது. அது பேச்சை மறைப்பதில்லை, ஆளை மட்டும் அடையாளம் காட்டுகிறது. இணையத்தில் இணைத்தால் பாஸ்வேர்டு போதாது, சாவிக்கோப்பு வேண்டும். மின்சாரத்தைத் துண்டிக்கத் தனி வழியும் இருக்கட்டும்.

12 வயது நிரம்பிய எவரும் தேர்வெழுதி ஹாம் உரிமம் பெறலாம். விண்ணப்பம் மத்திய அரசின் சரள் சஞ்சார் தளத்தில். ரிப்பீட்டருக்குத் தனி அனுமதி தேவை. தினமும் பெங்களூருக்கு ரயிலேறும் பிள்ளைகள் ஆன்லைனில் வாக்கிடாக்கி வாங்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும்: உரிமம் தேவை என்பதைச் சொல்லாமல் விற்றதற்காக 2025 மே மாதம் நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஆன்லைன் விற்பனைத் தளங்களுக்கு நோட்டீஸ் அனுப்பியது. கார்டில் பணம் கட்டியதாலேயே பேச உரிமை வந்துவிடாது.

அனுமதியின்றித் தொலைத்தொடர்பு வலையமைப்பில் நுழைந்தால், நுழைய முயன்றாலும்கூட, 2023 தொலைத்தொடர்புச் சட்டத்தின் 42-ஆம் பிரிவில் 3 ஆண்டு வரை சிறை அல்லது 2 கோடி ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஊடுருவியவனோடு காற்றில் சண்டை போடாதீர்கள், அவனுக்கு வேண்டியதே அதுதான். தேதி, நேரம், அலைவரிசை, ஒலிப்பதிவு ஆகியவற்றோடு மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் வயர்லெஸ் கண்காணிப்புப் பிரிவுக்கு எழுதுங்கள். இணையம் வழியே நுழைந்திருந்தால் சைபர் குற்றங்களைப் பார்க்கும் சென் காவல் நிலையத்துக்கும் போகலாம். தங்க வயலுக்குத் தனிக் காவல் மாவட்டம் இருப்பதால் கோலாருக்கு அலைய வேண்டாம். புகாரை மட்டும் கன்னடத்திலோ ஆங்கிலத்திலோ எழுதிக்கொண்டு போங்கள், வேலை சீக்கிரம் முடியும்.