கடைமடையில் சொட்டு நீலம்

விநாடிக்கு ஒரு சொட்டு விழும் குழாய்க்கடியில் காலிக் குடத்தை வைத்துவிட்டுத் தூங்கப் போங்கள். காலையில் அரைக் குடம் இருக்கும். நாலு சொட்டு சேர்ந்தால் ஏறக்குறைய ஒரு மில்லிலிட்டர். ஒரு நாளைக்கு 86,400 விநாடி. ஆக, ஒரு நாள் ஒழுக்கு 21 லிட்டருக்கு மேல். இத்தனைக்கும் காரணம், குழாய்க்குள் தேய்ந்துபோன, நாணயத்தைவிடச் சிறிய ஒரு ரப்பர் வாஷர்.

அந்த 21 லிட்டருக்கு எல்லா ஊரிலும் ஒரே மதிப்பு இல்லை. காரைக்கால் காவிரியின் கடைமடை. சுமார் 160 சதுர கிலோமீட்டர் நிலம், 2011 கணக்கெடுப்பின்படி 2 லட்சம் மக்கள், மூன்று பக்கமும் தமிழ்நாடு, கிழக்கே வங்கக் கடல். அரசலாறு, நாட்டாறு, வாஞ்சியாறு, நூலாறு என்று காவிரி இங்கே விரல் விரலாகப் பிரிந்து கடலைத் தொடுகிறது. மேட்டூர் அணையில் திறந்த தண்ணீர் எல்லோர் வயலையும் பார்த்துவிட்டுக் கடைசியாக வந்து சேரும் இடம்.

மண்ணுக்கடியில் நடப்பது இன்னும் விசித்திரம். கடலோர மணலில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரின் மேல் மிதக்கிறது. ஒரு லிட்டர் நல்ல தண்ணீரின் எடை 1,000 கிராம். கடல்நீர் சுமார் 1,025 கிராம். இந்த 25 கிராம் வித்தியாசம்தான் எல்லாவற்றையும் தாங்குகிறது. கடல்மட்டத்துக்கு மேலே ஓர் அடி நல்ல தண்ணீர் நின்றால், அதற்குக் கீழே சுமார் 40 அடி ஆழத்துக்கு நல்ல தண்ணீர் இருக்கும். 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் கைபன் என்ற டச்சுக்காரரும், பின்னர் ஹெர்ஸ்பெர்க் என்ற ஜெர்மானியரும் தனித்தனியே கண்டுபிடித்த கணக்கு இது. இதைத் திருப்பிப் போட்டால்தான் பயம் வரும்: மோட்டார் போட்டு நீர்மட்டத்தை ஓர் அடி இறக்கினால், அடியிலிருக்கும் உப்பு காலப்போக்கில் 40 அடி ஏறப் பார்க்கும். 2019-ல் காரைக்கால் மாவட்ட நிர்வாகம் ‘நம் நீர்’ என்ற பெயரில் நூற்றுக்கும் மேற்பட்ட குளங்களைத் தூர்வாரியதன் அருமை இதில் இருக்கிறது. குளத்தில் நின்று மண்ணில் இறங்கும் மழைநீர், கீழே உப்பை அமுக்கிப் பிடிக்கும் எடைக்கல்.

குளத்தை ஊரே பார்க்கும். மாடிக் குடியிருப்பின் குழாய்களை யார் பார்ப்பது?

மொட்டைமாடியில் தொட்டி. மூன்றாம் மாடிக் குழாய் தொட்டியின் நீர்மட்டத்துக்கு 3 மீட்டர் கீழே, தரைத்தளக் குழாய் 12 மீட்டர் கீழே என்று வைத்துக்கொள்வோம். உயரம் நாலு மடங்கு, அழுத்தமும் நாலு மடங்கு. தண்ணீர் மட்டும் இரண்டு மடங்குதான் வேகமாக வரும். இத்தாலிய அறிஞர் டாரிசெல்லி 17-ஆம் நூற்றாண்டிலேயே சொன்ன விதி இது. மேலே நாலு நிமிடத்தில் நிரம்பும் பக்கெட் கீழே இரண்டே நிமிடத்தில் நிரம்பிவிடும். குழாயைத் திறந்துவிட்டுப் பல் தேய்த்தால், அதே இரண்டு நிமிடத்துக்குத் தரைத்தளத்தில் செலவு இரட்டிப்பு. மேல் வீட்டு அக்காவுக்கும் கீழ் வீட்டு அக்காவுக்கும் தண்ணீர்ச் சண்டை வருவதில் பாதி டாரிசெல்லியின் வேலை.

இதைச் சமாளிக்க ஒரு சின்னக் கருவி இருக்கிறது. குழாய் நுனியில் திருகி மாட்டும், விரல்நுனி அளவுள்ள ‘காற்றுக்கலப்பி’. தண்ணீரைப் பொடித்துளைகள் வழியாகப் பீய்ச்சிக் காற்றோடு கலந்துவிடும் வலைமூடி. கடையில் ஏரேட்டர் என்று கேட்டால் கொடுப்பார்கள். துளையில் நுழையும் தண்ணீர் வேகமெடுக்கிறது. வேகம் கூடிய இடத்தில் அழுத்தம் குறைகிறது. குறைந்த அழுத்தம் பக்கவாட்டுச் சந்துகள் வழியே வெளிக்காற்றை உறிஞ்சிக்கொள்கிறது. வெளியே வருவது நுரைத்த பால் போன்ற வெள்ளைத் தாரை. நிமிடத்துக்கு 10 லிட்டருக்கு மேல் கொட்டும் குழாய் 5, 6 லிட்டரோடு அடங்கிவிடும். கையில் படும்போது குறைந்ததாகவே தோன்றாது.

சில வகைகளுக்குள் ஒரு ரப்பர் வளையம் ஒளிந்திருக்கும். அழுத்தம் கூடினால் வளையம் நசுங்கி வழியை ஒடுக்கும். குறைந்தால் தளர்ந்து வழிவிடும். மின்சாரம் இல்லை, கம்ப்யூட்டர் இல்லை, ஒரு ரப்பர் துண்டு தானே அளந்து தானே முடிவெடுக்கிறது!

ஆனால் பக்கெட்டில் பிடித்துக் குளிப்பவருக்கு இதனால் பைசா லாபமில்லை. பக்கெட் அதே பக்கெட். நிரம்ப நேரம்தான் கூடுதல். ஓடும் குழாயில் பாத்திரம் கழுவும்போதும், கை கால் அலம்பும்போதும், தொழுகைக்கு ஒளு எடுக்கும்போதும்தான் மிச்சம். மேல்மாடியில் அழுத்தம் முன்பே குறைவு என்பதால் அங்கே இதை மாட்டினால் நூல் போல ஒழுகும். அந்த வீட்டுக்காரர் மறுநாளே கழற்றி எறிவார். அலுவலகத்தில் உட்கார்ந்து 500 வீட்டுக்கும் ஒரே சாமானை வாங்கி அனுப்பினால் பாதி குப்பைக்குப் போகும். எந்தக் குழாய்க்கு எது வேண்டும் என்பது அங்கே குடியிருப்பவருக்குத்தான் தெரியும்.

அந்த முடிவை அவர்களிடமே விடுவதற்கும் வழிகள் உண்டு. தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியத்தின் குடியிருப்புகளில் 2021-ல் ‘நம் குடியிருப்பு நம் பொறுப்பு’ திட்டம் வந்தது. குடியிருப்போர் நலச்சங்கம் பராமரிப்புக்கு வசூலிக்கும் தொகைக்கு ஈடாக அரசும் ஒரு பங்கு போடும். இதை ‘இணைமானியம்’ எனலாம்: நீங்கள் நூறு போட்டால் அரசும் நூறு. காற்றுக்கலப்பி குறைந்த தண்ணீரில் நிறைய வேலை செய்வதுபோல, சங்கத்தின் நூறு ரூபாய் இருநூறு ரூபாய் வேலை செய்கிறது. சிங்கப்பூரில் வேறு உத்தி. அங்கே 2024-ல் வீடமைப்பு வளர்ச்சிக் கழக அடுக்குவீட்டுக் குடும்பங்களுக்குத் தலா 300 சிங்கப்பூர் வெள்ளிக்கான பற்றுச்சீட்டு கொடுத்தார்கள். அதைக் கொண்டு தண்ணீரையோ மின்சாரத்தையோ சிக்கனப்படுத்தும் சாதனங்களை வாங்கலாம். எதை வாங்குவது என்பது வீட்டுக்காரர் விருப்பம். தண்ணீர்ச் சாதனங்களில் டிக் குறிகள் இருக்கும், டிக் கூடக்கூடச் சிக்கனம் கூடும். பல ஆண்டுகளாகச் செய்துவந்த இப்படிப்பட்ட சில்லறை வேலைகளின் பலன்: 2003-ல் ஆளுக்கு நாளொன்றுக்கு 165 லிட்டராக இருந்த வீட்டுச் செலவு 2023-ல் 141.

நம் நாட்டு மூளையும் சளைத்ததல்ல. 1970-ல் பிந்தேஷ்வர் பாடக் தொடங்கிய சுலப் இயக்கத்தின் கழிப்பறைப் பீங்கானைப் பாருங்கள். அதன் சரிவை அதிகமாக்கி, நாற்றத்தைத் தடுக்கத் தேங்கி நிற்கும் தண்ணீரின் ஆழத்தை வெறும் 20 மில்லிமீட்டராகக் குறைத்துவிட்டார்கள். 10 லிட்டர் ஊற்றிய இடத்தில் ஒன்றரை, இரண்டு லிட்டர் போதும். எந்திரம் எதுவுமில்லை, வளைவை மாற்றியதோடு சரி.

காரைக்கால் புதுச்சேரி ஆட்சியில் இருக்கிறது. தமிழ்நாட்டு வாரியத்தின் கை எல்லையிலுள்ள நாகூரோடு நின்றுவிடும். இணைமானியத்தை எல்லை தாண்டிக் கடன் வாங்குவதில் புதுச்சேரி வெட்கப்பட ஒன்றுமில்லை என்பது என் கட்சி. கடைமடை ஊருக்குத்தான் அது முதலில் வேண்டும்.

அதுவரை ஒரு சோதனையை நீங்களே செய்துபார்க்கலாம். பிளஷ் டேங்கில் சத்தமே இல்லாத ஒழுக்கு இருந்தால் கண்ணுக்கும் தெரியாது, காதுக்கும் கேட்காது. இன்றிரவு எல்லோரும் படுத்தபின் டேங்க் மூடியைத் திறந்து, வெள்ளைத் துணிக்குப் போடும் சொட்டு நீலத்தில் பத்துச் சொட்டு விடுங்கள். அரை மணி நேரம் யாரும் தண்ணீர் விட வேண்டாம். பீங்கானில் நீலம் இறங்கியிருந்தால், காலையில் முதல் வேலையாக டேங்கின் அடியை அடைக்கும் ரப்பரை மாற்றுங்கள். அப்படியே மேல் வீட்டுக்கும் சொல்லிவிடுங்கள்.