வாள்விளையாட்டுக் களம் அமைத்தல்

தமிழிலே ‘களம்’ என்னுஞ் சொல் ஒரு பொருளோடு நில்லாதது. நெல் அடிக்கும் இடமுங் களம். படைகள் பொரும் இடமுங் களம். இளைஞர் கூடி ஆடும் இடமும் ஆடுகளம். இவற்றுள் நெற்களத்தை நம் முன்னோர் அமைத்த முறை நினைவு கூரத்தக்கது. அரிவு வெட்டுத் தொடங்குமுன்னரே புல்லைச் செதுக்கி, மேடு பள்ளந் திருத்தி, நீர் தெளித்து இறுக்கி, சாணத்தால் மெழுகிக் களத்தை ஆயத்தஞ் செய்தனர். அதன் பின்னரே சூடடிக்க முற்பட்டனர். விளைவு எவ்வளவு சிறந்ததாயினும் களம் பழுதாயின் மணி மண்ணோடு கலந்துவிடும் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர்.

யூபிலி நினைவாகக் கல்லூரியில் வாள்வீச்சுக் கழகமொன்றை நிறுவவேண்டுமெனப் பழைய மாணவர் சிலர் விரும்புகின்றனர். மேலைநாடுகளில் வாழும் நம்மவரின் பிள்ளைகள் அவ்விளையாட்டைப் பயில்வதைக் கண்டு எழுந்த ஆர்வம் அது. வாள், முகக்கவசம், வெண்ணிற அங்கி, மின்கருவி ஆகியவற்றை வாங்கித்தர முன்வருவோர் பலர். தரையைப்பற்றி வினவியவர் மிகச் சிலரே. அச்சிலரின் வினாவுக்கு விடையாகவே இக்கட்டுரையை எழுதத் துணிந்தோம்.

தரையைப்பற்றி எழுத எமக்குள்ள தகுதி ஒரு தவற்றினால் வந்தது. பல ஆண்டுகளுக்குமுன் யாம் கற்பித்த பாடசாலையொன்றின் மண்டபத் தரை சீமெந்தால் இழைக்கப்பட்டுக் கண்ணாடிபோல் மினுங்கியது. கண்டோர் யாவரும் புகழ்ந்தனர், யாமும் புகழ்ந்தோம். மாலையில் அங்கே பட்மின்டன் ஆடிய மாணவருள் ஒருவன், நெடுந்தூரம் காலெறிந்து எட்டிப் பந்தை எடுப்பதில் வல்லவன், சில திங்களில் ஆட வருவதை நிறுத்தினான். குதிக்கால் நோகின்றதென்றான். சோம்பலென்று கடிந்தோம். காலையிலெழுந்து நிலத்திற் கால் ஊன்றவும் அவன் வருந்துவதைப் பின்னர் அவன் தாயார் வந்து சொன்னபோதே எமது கண் திறந்தது. நாள்தோறும் அவன் குதிக்கால் மோதியது கல்லை ஒத்த தரையிலே. அத்தரையை அன்றி அவனையே யாம் குறைகூறினோம்.

வாள்வீச்சில் இவ்வின்னல் மேலும் மிகுதி. இவ்விளையாட்டில் வீரன் முன்காலை நேரே நீட்டியும் பின்காலைக் குறுக்கே திருப்பியும், முழந்தாள் மடித்துக் காவல்நிலையில் நிற்பான். தாக்கும்போது பின்காலால் உந்தி முன்காலை நெடிதெறிந்து பாய்வான். அப்பொழுது முதலில் நிலத்தை மோதுவது முன்காலின் குதி. வலக்கையாளனுக்கு அது என்றும் வலக்குதியே. இடக்கையாளனுக்கு என்றும் இடக்குதியே. ஓட்டத்திற்போல இரு காலும் மாறிமாறிப் பாரம் ஏற்பதில்லை. ஒரே குதியும் ஒரே முழந்தாளும் பயிற்சி நாளெல்லாம் பல நூறு முறை அம்மோதலைத் தாங்குகின்றன. பழைய வில்லோர்க்குப் பைசாசம், மண்டலம், ஆலீடம், பிரத்தியாலீடம் என நால்வகை நிலை வகுத்த நம் நூலோர், படைக்கலப் பயிற்சிக்குக் காலே முதல் என்பதை நன்கு உணர்ந்தவராவர். சேரநாட்டுக் களரியும் அவ்வாறே. ஏறத்தாழ 42 அடி நீளமும் 21 அடி அகலமுமாக நிலத்தை அகழ்ந்து, மண்ணைப் பதப்படுத்தித் தளமாக்கிய பின்னரே அங்கே வாளும் கேடயமும் எடுக்கப்பட்டன.

இனி, வாள்வீச்சுக் களத்தின் அளவை நோக்குவாம். அதனைப் ‘பீஸ்ற்’ எனப் பிரெஞ்சு மொழியில் வழங்குவர். நீளம் 14 மீற்றர், அகலம் 1.5 மீற்றர் முதல் 2 மீற்றர் வரை. நடுக்கோட்டிலிருந்து இருபுறமும் 2 மீற்றர் தொலைவில் வீரர் காவல்நிலையில் நிற்குங் கோடுகள் உள. களத்தின் இறுதி 2 மீற்றர் பகுதி, பின்வாங்குவோனுக்கு எச்சரிக்கையாக வேறுபடுத்திக் காட்டப்படும். இரு காலும் பின்னெல்லையைக் கடப்பின் எதிரிக்கு ஒரு புள்ளி சேரும். வேகமாகப் பின்வாங்குவோன் எல்லையில் உடனே நிற்றல் இயலாதாகலின், இரு முனையிலும் 1.5 முதல் 2 மீற்றர் வரை மேலதிகத் தளம் வேண்டும். ஆகவே ஒரு களத்துக்கு 18 மீற்றர், அஃதாவது ஏறத்தாழ 59 அடி நீளம் தேவை. இரு களங்களை அருகருகே அமைத்து, இடையே நடுவர் நடமாட 2 மீற்றரும் இரு ஓரங்களிலும் 1.5 மீற்றரும் விடின், 8 மீற்றர் அகலம் போதும். மொத்தப் பரப்பு 144 சதுர மீற்றர். சதுர அடியில் ஏறத்தாழ 1550.

நல்ல தரைக்குரிய இயல்புகள் மூன்று. ஒன்று, மோதலின் விசையில் ஒரு பங்கைத் தான் ஏற்றல். இரண்டு, மிகையாக அமிழாதிருத்தல். மூன்று, வழுக்காமலும் காலைப் பற்றிக்கொள்ளாமலும் இருத்தல். உள்ளரங்க விளையாட்டுத் தரைகளுக்கென 2006ஆம் ஆண்டில் வெளியான ஐரோப்பிய நியமம் 14904 இவற்றை எண்ணால் வரையறுத்துள்ளது. தரை மோதல் விசையை 25 முதல் 75 வீதம் வரை குறைத்தல் வேண்டும். பாரத்தால் 5 மில்லிமீற்றருக்குமேல் தாழ்தல் ஆகாது. இவ்விரண்டாவது விதியைப் பலர் மறக்கின்றனர். மெத்தென்றிருப்பதே நன்றென எண்ணி, மல்லர் பயிலும் தடித்த நுரைமெத்தையை விரிப்பின், பாயும் கால் அதனுட் புதைந்து கணுக்கால் பிறழும். பிடிப்பும் அளவோடு வேண்டும். பின்கால் வழுக்கினால் தொடைநரம்பு வலிக்கும். முன்கால் ஒட்டிக்கொண்டால் உடல் திரும்பும்போது முழந்தாள் முறுகும்.

இவ்வியல்புகளை உரைகல்லாகக் கொண்டு, நமக்குக் கிடைக்கக்கூடிய தரைகளை ஆராய்வோம். வெறுஞ் சீமெந்தும் மாபிளும் மோதலைச் சிறிதும் ஏற்பனவல்ல. வியர்வை சிந்தியபின் வழுக்குவன. அவை அடித்தளமாக மட்டுமே பயன்படும். அதன்மேல் நேரே விரிக்கும் றப்பர் விரிப்பு விலை குறைந்தது. நம் நாட்டிலேயே விளையும் பொருள். 6 முதல் 10 மில்லிமீற்றர் தடிப்புள்ள விரிப்புக் குதியின் வலியைச் சிறிது தணிக்கும். ஆயினும் நாள்தோறும் பயில்வோர்க்கு அது நிறைவான தளமன்று. நுரை அடியுள்ள வினைல் விரிப்பு அதனினும் சிறந்தது; ஆனால் கீழ்த்தரை மட்டமாகவும் ஈரமின்றியும் இருப்பின் மட்டுமே நிலைக்கும். யாவற்றுள்ளும் சிறந்தது மீள்தன்மையுள்ள மரத்தளம். சட்டங்களின் அடியில் றப்பர்த் துண்டுகளைப் பொருத்தி, சட்டங்களின்மேல் ஒட்டுப்பலகை இரண்டு அடுக்குகள் பரப்பி, அதன்மேல் வன்மரப் பலகையோ வினைலோ அமைப்பது அது. பாதம் மோதுங்கால் தளம் முழுவதும் சிறிதே தாழ்ந்து மீண்டெழும். அமெரிக்கர் மேப்பிள் மரத்தையும் ஐரோப்பியர் பீச், ஓக் மரங்களையும் மேற்பலகைக்குக் கொள்வர். நமக்குத் தேக்கு உகந்தது; நீர்ப்பதத்தால் மிகுதியாக விரிந்து சுருங்காதது. பனஞ்சட்டம் கூரைக்குப் பெயர்பெற்றதேனும் மேற்பலகைக்கு ஆகாது. நார் பிரிந்து சிராம்பு ஏற்றும்.

உலோகக் களம் வேண்டாவோ எனச் சிலர் வினவுவர். அதன் காரணத்தை அறிந்தபின் தீர்மானித்தல் நன்று. முற்காலத்தில் தலைமை நடுவர் ஒருவரும் துணைநடுவர் நால்வரும் கண்ணாற் கண்டு குத்தைக் கணித்தனர். எப்பே என்னும் வாளுக்கு மின்கருவி 1936ஆம் ஆண்டு பேர்லின் ஒலிம்பிக்கிலும், பொயில் வாளுக்கு 1956இல் மெல்பேணிலும், சேபர் வாளுக்கு 1992இல் பார்சிலோனாவிலும் முதன்முதலாக ஒலிம்பிக் அரங்கிற் புகுந்தன. எப்பே வாளின் நுனியிலுள்ள முனை 750 கிராமுக்கு மேற்பட்ட விசையால் அழுந்தின் விளக்கு எரியும். உச்சி முதல் உள்ளங்கால் வரை உடல் முழுவதும் இலக்காகலின் பாதத்தைக் குறிவைப்பாரும் உளர். குறி தப்பி முனை தரையில் அழுந்தினும் விளக்கு எரியுமன்றோ? அதனைத் தவிர்க்கவே களத்தை உலோகத்தால் மூடி, மின்கருவியோடு இணைக்கின்றனர். அவ்வுலோகத்தைத் தொடும் முனையைக் கருவி குத்தாகக் கொள்ளாது. பொயில் வாளுக்கும் இது வேண்டப்படும். சேபருக்கு வேண்டுவதில்லை, மின்கடத்தும் மேலங்கியையும் முகக்கவசத்தையும் தொட்டால் மட்டுமே அதில் விளக்கு எரியும். எனவே உலோகம் நீதி வழங்குவதற்கேயன்றிக் காலைக் காப்பதற்கன்று. சீமெந்தின்மேல் நேரே விரித்த அலுமினியத் தகடும் சீமெந்தைப்போன்றே வன்மையானது. பயிற்சிக்கு மரத்தளமே போதும். போட்டிகள் வரும் காலத்தில் சுருட்டி விரிக்கும் உலோகக் களத்தை அதன்மேல் இடலாம்.

தளம் பதிக்கும் முறையில் முதற்பகை ஈரம். புதிய கொங்கிறீற்று ஓர் அங்குலத் தடிப்புக்கு ஏறத்தாழ ஒரு மாதமென உலர விடல் வேண்டும். பழைய தரையாயினும் சோதித்தே தீரவேண்டும். ஒன்றரை அடிச் சதுரப் பொலித்தீன் தாளைத் தரையில் வைத்து, நாற்புறமும் காற்றுப் புகாது ஒட்டி, ஒரு நாள் கழித்து நோக்குக. உட்புறம் நீர்த்துளி அரும்பியிருப்பின் மரம் வைக்கத் தகாது. இச்சோதனையை மாரி காலத்திற் செய்தலே அறிவுடைமை. சித்திரை வெயிலில் எத்தரையும் உலர்ந்ததாகவே தோன்றும். அடுத்து, 3 மீற்றர் நீளமுள்ள நேர்ச்சட்டத்தைத் தரையின் பல திசைகளிலும் வைத்துப் பார்த்து, 3 மில்லிமீற்றருக்கு மேற்பட்ட பள்ளங்களை நிரப்பல் வேண்டும். பின்னர் ஈரந்தடுக்கும் பொலித்தீனை ஓரங்கள் ஒன்றன்மேலொன்று படியுமாறு விரித்து, சட்டங்களை ஏறத்தாழ ஓரடி இடைவெளியில் அடுக்குக. ஒட்டுப்பலகையின் மூட்டுகள் ஒரே கோட்டில் விழலாகாது.

வாங்கிய பலகையை உடனே அறையலாகாது. இடையிடையே சிறு கட்டைகள் வைத்து, பதிக்கும் மண்டபத்திலேயே ஒரு வாரமாவது அடுக்கிவைப்பின், அவ்விடத்துக் காற்றின் பதத்துக்கு அது பழகும். சுவரோரங்களில் ஓர் அங்குலத்துக்குக் குறையாத இடைவெளி விடுக. ஐப்பசி, கார்த்திகையில் மரம் விரியும்போது இடமின்றேல் தளம் நடுவே பொங்கி எழும். கறையானுக்கு அஞ்சிச் சட்டங்களுக்கும் ஒட்டுப்பலகைக்கும் முன்னரே போரக்ஸ் மருந்தூட்டல் இன்றியமையாதது. தளம் நாலைந்து அங்குலம் உயருமாதலின், உட்புறந் திறக்குங் கதவுகளையும் வாயிற்படியையும் வேலை தொடங்குமுன் கணக்கிடல் வேண்டும். செலவு சுருக்கக் கருதிக் களத்தின் அகலத்துக்கு மட்டும் உயர்ந்த மேடையாக்குவதும் தவறு. ஓரத்தில் தவறிய கால் கணுவோடு மடியும். இரு களமும் இடைவழியும் ஒரே மட்டமாக அமைதல் நலம்.

அமைத்தபின் காத்தல் அதனினும் கடினம். வாணிவிழா வந்தால் வாளி வாளியாக நீரூற்றி மண்டபங் கழுவுதல் நம் வழக்கம். மரத்தளத்துக்கு அது நஞ்சு. உலர்ந்த துடைப்பமும், நன்கு பிழிந்த துணியுமே அதற்குரியன. மெழுகு பூசி மினுக்கலாகாது. பரிசளிப்பு விழாவுக்கு இரும்புக் கதிரைகளை இழுத்துப் போடுவதும், வெளியே நடந்த சப்பாத்தோடு ஏறுவதும் தவிர்க்கப்படல் வேண்டும். இவ்விதிகளைக் காக்க இயலாதெனின், பலர் புழங்கும் மண்டபத்தில் மரத்தளம் இடாது, கழகத்துக்கென ஒரு தனிக்கூடத்தை ஒதுக்குதலே நேர்மை.

பழைய மாணவருக்கு யாம் விடுக்கும் வேண்டுகோள் ஒன்றே. நிதி சுருங்கினால் இரு களத்துக்கு மாறாக ஒரு களத்தை அமையுங்கள், மின்கருவியைப் பின்போடுங்கள், மின்னிணைப்பற்ற பயிற்சி வாள்களோடு தொடங்குங்கள். தளத்தின் அடியிலுள்ள றப்பரையும் சட்டத்தையும் மட்டும் குறைக்காதீர்கள். அவை எவர் கண்ணுக்கும் தோன்றா. திறப்புவிழாப் படத்திலும் வாரா. கொடையாளர் பெயரைப் பொறிக்க அவற்றில் இடமுமில்லை. ஆயினும் பன்னிரண்டு வயதுப் பிள்ளை ஒருவன் முதன்முதலாக வாளெடுத்துப் பாயும்போது, அவன் குதியைத் தாங்கி நிற்பவை அவையே.

எம்மிடம் கடிசொல் கேட்டு ஒதுங்கிய அம்மாணவன் மீண்டும் விளையாட வரவில்லை. இனிவரும் பிள்ளைகளாவது நோவின்றி ஆடுக. கல்லூரித் தாய் நீடு வாழ்க.