தேசியக் கொடியும் தேசப்பற்றும்: இலங்கை அனுபவம் பற்றிய சில குறிப்புகள்

தேசியக் கொடியை ஏற்றுதல் நாட்டுப்பற்றின் வெளிப்பாடு என்பது பொதுவாக ஏற்றுக்கொள்ளப்பட்ட கருத்தாகும். ஆண்டுதோறும் பெப்ரவரி 4ஆந் திகதி நெருங்கும்போது அரச அலுவலகங்களில் மட்டுமன்றி வீடுகளிலும் கடைகளிலும் கொடியேற்றுமாறு மக்களைக் கேட்டுக்கொள்வது எமது நாட்டில் வழமையாகிவிட்டது. ஏற்றியவர் பற்றுடையவர், ஏற்றாதவர் பற்றற்றவர் என்றதோர் எளிய வாய்பாடு இதனடியாக உருவாகிவிடுகின்றது. இவ்வாய்பாடு எவ்வளவு தூரம் பொருந்தும் என்பதை இலங்கைக் கொடியின் வரலாற்றை ஆதாரமாகக் கொண்டு நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலில் 'வெளிப்பாடு' என்னும் சொல்லையே எடுத்துக்கொள்வோம். உள்ளத்தில் உள்ளது வெளியே வருவதே வெளிப்பாடு. உள்ளத்தில் இல்லாததை வெளியே காட்டச் செய்வது வேறொன்று. இவ்வேறுபாடு பிற நாடுகளின் நீதிமன்றங்களிலும் ஆராயப்பட்டுள்ளது. இந்தியாவில் ஒரு குடிமகன் ஆண்டு முழுவதும் தன் இடத்திலே தேசியக் கொடியைப் பறக்கவிடலாமா என்ற வழக்கில், அதனை மரியாதையுடன் ஏற்றுவது கருத்து வெளிப்பாட்டுச் சுதந்திரத்தின்பாற்பட்ட அடிப்படை உரிமை என 2004ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கொடியேற்றுவது கடமை என்று அது கூறவில்லை. உரிமை என்றே கூறியது என்பது கவனிக்கத்தக்கது. அமெரிக்காவிலோ, மத நம்பிக்கை காரணமாகக் கொடிக்கு வணக்கஞ் செலுத்த மறுத்த பாடசாலைப் பிள்ளைகளைக் கட்டாயப்படுத்தலாகாது என்று அந்நாட்டின் உச்ச நீதிமன்றம் 1943இல், உலகப்போரின் நடுவே, தீர்ப்பளித்தது. இவ்விரண்டையும் இணைத்து நோக்கும்போது ஓர் உண்மை புலனாகும். ஏற்றாதிருக்கும் சுதந்திரம் உள்ள இடத்திலேதான் ஏற்றுவது பற்றின் வெளிப்பாடாக அமைகின்றது. அச்சத்தினால் ஏற்றப்படும் கொடி அச்சத்தையன்றி வேறெதனையும் வெளிப்படுத்துவதில்லை.

இனி எமது கொடிக்கு வருவோம். 1815ஆம் ஆண்டு கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் வசமானபோது அங்கிருந்த சிங்கக் கொடி இறக்கப்பட்டு ஆங்கிலேயரின் கொடி ஏற்றப்பட்டது. இலண்டன் செல்சியிலிருந்த அரச மருத்துவ நிலையத்திலே வைக்கப்பட்டிருந்த அச்சிங்கக் கொடியை ஈ. டபிள்யூ. பெரேரா கண்டறிந்து, 1916இல் வெளியிட்ட தமது ஆய்வு நூலிலே அதுபற்றி எழுதினார். குடியேற்றவாத ஆட்சிக்கெதிரான உணர்வு அரும்பிய காலத்தில் இழந்த இறைமையின் சின்னமாக அது கொள்ளப்பட்டது இயல்பே. ஆயினும் அக்கொடிக்குரிய இறுதி மன்னனாகிய ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் தென்னிந்திய நாயக்கர் வழிவந்தவன் என்பதும், 1739 முதல் அவ்வம்சத்தினரே கண்டியை ஆண்டனர் என்பதும் மனங்கொள்ளத்தக்கன. அதனை ஒரே இனத்தின் தூய சின்னமாகக் கொள்ளும் பார்வை கண்டி அரசின் வரலாற்றுக்குப் பிற்பட்டது.

1948 ஜனவரியில் இக்கொடியைத் தேசியக் கொடியாக்கும் பிரேரணையைப் பாராளுமன்றத்தில் முன்வைத்தவர் மட்டக்களப்பு உறுப்பினரான முதலியார் ஏ. சின்னலெப்பை ஆவார். எனினும் சிங்கக் கொடி எல்லா இனங்களையும் குறிக்குமா என்ற கேள்வி எழுந்தமையால் எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்கா தலைமையில் ஒரு குழு நியமிக்கப்பட்டது. ஜீ. ஜீ. பொன்னம்பலம், ரி. பி. ஜாயா, செனற்றர் எஸ். நடேசன் ஆகியோரும் அதில் இடம்பெற்றனர். குழுவின் பரிந்துரைப்படி, தமிழரைக் குறிக்கச் செம்மஞ்சள் நிறத்திலும் முஸ்லிம்களைக் குறிக்கப் பச்சை நிறத்திலும் இரண்டு பட்டிகள் சேர்க்கப்பட்டு 1951 மார்ச் 2ஆந் திகதி கொடி ஏற்றுக்கொள்ளப்பட்டது. நடேசன் இதற்கு உடன்படவில்லை. கொடியை உற்று நோக்குவார்க்கு அவரது மறுப்பின் நியாயம் விளங்கும். வாளேந்திய சிங்கம் தனக்குரிய சட்டகத்தினுள்ளே நிற்கின்றது. பட்டிகளோ அதற்கு வெளியே ஒதுக்கப்பட்டுள்ளன. ஒருமைப்பாட்டைக் காட்ட எழுந்த ஏற்பாடு, யார் உள்ளே, யார் பக்கத்தே என்பதைக் காட்டுவதாய் முடிந்தது.

ஆயினும் கொடியின் அமைப்பைவிட முக்கியமானது, அது ஏற்றுக்கொள்ளப்பட்ட காலத்தின் சட்டங்களாகும். 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் மலையகத் தோட்டத் தொழிலாளரில் மிகப் பெரும்பாலானோரை நாடற்றவராக்கியது. அடுத்த ஆண்டிலே அவர்களின் வாக்குரிமையும் பறிபோயிற்று. 1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் மூலம் தமது பிரதிநிதிகளைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய அம்மக்கள், 1952இல் ஒருவரையேனும் அனுப்ப இயலாதவராயினர். தேயிலையாலும் இறப்பராலும் நாட்டின் பொருளாதாரத்தைத் தாங்கிய தொழிலாளி வர்க்கத்துக்குக் கொடியிலே ஒரு நிறம் இருந்தது. அரசிலே ஒரு வாக்கு இருக்கவில்லை. இப்பிரச்சினை சட்டரீதியாக முற்றாகத் தீர்வதற்கு 2003ஆம் ஆண்டுவரை காத்திருக்க வேண்டியிருந்தது. துணியிலே சேர்க்கப்படும் நிறம் சட்டத்திலே கழிக்கப்படும் உரிமையை ஈடுசெய்யாது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

பின்னர் நிகழ்ந்தவை இவ்விரிசலை ஆழமாக்கின. 1956இல் தனிச் சிங்களச் சட்டம் வந்தது. அதனையடுத்த சுதந்திர தினம் தமிழ்ப் பகுதிகளிற் கறுப்புக் கொடி நாளாக அனுட்டிக்கப்பட்டது. அன்று, 1957 பெப்ரவரி 4ஆந் திகதி, திருகோணமலையிற் கறுப்புக் கொடி கட்ட முனைந்த நடராசன் என்ற இளைஞர் சுட்டுக் கொல்லப்பட்டார். 1972இல் குடியரசு யாப்பு பௌத்தத்துக்கு முதன்மை வழங்கியது. அதே ஆண்டிலே கொடியின் நான்கு மூலைகளிலும் அரச இலைகள் இடம்பெற்றன. கொடி மாறியதால் அரசு மாறவில்லை. அரசின் தன்மை மாறியதே கொடியிற் பதிவாயிற்று.

இத்தகைய வரலாற்றைக் கொண்ட கொடியைக் கையிலெடுப்பதும் எடுக்க மறுப்பதும் அரசியற் செயல்களாகிவிடுகின்றன. 2012ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்தில் நடைபெற்ற மேதினக் கூட்டத்தில் இரா. சம்பந்தன் தேசியக் கொடியை உயர்த்திப் பிடித்தபோது தமிழரிடையே கடும் விமர்சனம் எழுந்தது. 2017இல் வட மாகாணக் கல்வி அமைச்சர் வவுனியாவில் ஒரு பாடசாலை நிகழ்விலே கொடியேற்ற மறுத்தபோது தென்னிலங்கையிற் கண்டனம் எழுந்தது. ஆனால் 2015இல் கொழும்பில் நடந்த ஆர்ப்பாட்டமொன்றிலே பட்டிகள் இரண்டும் நீக்கப்பட்ட சிங்கக் கொடியை ஏந்தி நின்றோர் தம்மை நாட்டுப்பற்றாளராகவே கருதினர். தேசியக் கொடியை உண்மையில் மறுத்தவர் யார்? ஏற்றாது நின்றவரா, அதிலிருந்து சக குடிமக்களை வெட்டியெறிந்தவரா? இக்கேள்விக்கு முன்கூறிய எளிய வாய்பாட்டிடம் விடையில்லை.

2022ஆம் ஆண்டு இக்கொடி மற்றொரு பொருளையும் பெற்றது. பொருளாதார நெருக்கடியின்போது காலிமுகத்திடலிலே திரண்ட மக்கள் சிங்கக் கொடியை ஏந்தியே ஆட்சியாளரைப் பதவி விலகக் கோரினர். நாட்டுப்பற்று அரசாங்கத்தின்மீதான பற்று அன்று என்பதை அவர்கள் செயலிற் காட்டினர். அவர்கள் நின்ற இடத்துக்கு எதிரேயுள்ள ஜனாதிபதி செயலகம் முன்னைய பாராளுமன்றக் கட்டடமாகும். 1951இல் இக்கொடியை ஏற்ற சபை கூடியதும் அங்கேதான். 1956 யூன் 5ஆந் திகதி தனிச் சிங்களச் சட்டத்துக்கெதிராகச் சத்தியாக்கிரகஞ் செய்த தமிழர் தாக்கப்பட்டதும் அதே காலிமுகத்திடலிலேதான். 2022 மே 18இல் அங்கு முள்ளிவாய்க்காலில் இறந்தோர் நினைவுகூரப்பட்டுக் கஞ்சி பகிரப்பட்டது. வடக்கு, கிழக்கில் அப்போராட்டம் தென்னிலங்கையிற் போன்ற வேகத்தைப் பெறவில்லை என்பதையும் நாம் மறைத்தல் ஆகாது. ஆயினும் பிறருடைய துயரத்துக்கு இடமளித்த அந்த ஒரு நாளில், 1951இல் ஒரு குழுவின் அறிக்கையாற் சாதிக்க முடியாத ஒன்றின் சாயலேனும் தென்பட்டது எனலாம்.

தொகுத்து நோக்கின், கொடி நாட்டுப்பற்றைப் படைப்பதில்லை. ஏற்கனவே இருக்கும் உறவை அது குறிக்கின்றது. அரசிலே தனக்குப் பங்குண்டு, தன் மொழிக்கு இடமுண்டு, தன் இறந்தோர்க்கு அழும் உரிமையுண்டு என்று உணரும் குடிமகனின் வாசலில் எவரது கட்டளையுமின்றிக் கொடி ஏறும். அவ்வுணர்வு இல்லாதவிடத்து ஏறும் கொடி வெறுந் துணியே. ஆகவே, எத்தனை வீடுகளிற் கொடி பறக்கின்றது என்று கணக்கெடுப்பதனால் ஒரு நாட்டின் ஒருமைப்பாட்டை அளந்துவிட முடியாது. கொடி பறக்காத வீட்டில் வாழ்பவனும் அச்சமின்றி உறங்குகின்றானா என்று கேட்பதே சரியான அளவுகோலாகும்.