ஓட்டைப் பானைக்கு எத்தனை மதிப்பெண்?

கொல்லிமலையில், திண்ணனூர் நாட்டுப் பள்ளி ஒன்றில் டீச்சர் இப்படிக் கேட்பதாக வைத்துக்கொள்வோம்: "அடியில் ஓட்டை விழுந்த மண்பானையை வைத்து என்னென்ன செய்யலாம்?"

விளையாட்டுக் கேள்வி இல்லை இது. புதிதாக யோசிக்கும் திறனை அளக்க, அமெரிக்க உளவியலாளர் கில்ஃபோர்டு இதே மாதிரி செங்கல்லைப் பற்றிக் கேட்கச் சொன்னார்.

மூன்று பதில்கள் வருகின்றன. "சாமைக் கொல்லையில் பறவை விரட்டும் பொம்மைக்குத் தலையாக்கலாம்." "மிளகுக் கொடி பக்கத்தில் புதைத்துத் தண்ணீர் ஊற்றினால் வேருக்குச் சொட்டும்." கடைசி பெஞ்சுக் குறும்பன் சொல்வது: "நிலாவை வேகவைக்கலாம்!"

கணினி எப்படி மதிப்பெண் போடும்? ஏராளமாகப் படித்து, ஒவ்வொரு சொல்லையும் எண்களின் வரிசையாக மாற்றி வைத்திருக்கும். சேர்ந்து புழங்கும் சொற்கள் அருகருகே நிற்கும். பானைக்குத் தண்ணீர் பக்கம். நிலா ரொம்பத் தூரம். தூரத்தை மட்டும் பார்த்துப் புதுமையை அளந்த பழைய முறையில் குறும்பனுக்குத்தான் முதலிடம்!

இப்போதைய செயற்கை நுண்ணறிவு அவ்வளவு ஏமாளி இல்லை. ஆசிரியர்கள் திருத்திய விடைகளைக் காட்டிப் பழக்கினால், கிட்டத்தட்ட அவர்களைப் போலவே மதிப்பெண் போடும். ஆனாலும் பொம்மைத் தலையைப் பற்றி அது அதிகம் படித்திருக்காவிட்டால், "ஆகா, புதுசு!" என்று வியக்கும். கொல்லைக்காரருக்கு அது அன்றாடம் பார்ப்பது.

மிளகுப் பானையை ஒரு பாட்டியிடம் சொல்லிப் பாருங்கள். மதிப்பெண் போடமாட்டார், கேள்விதான் கேட்பார். "ஓட்டை எவ்வளவு பெருசு கண்ணு? பெருசா இருந்தா தண்ணி ஒரே மூச்சுல ஓடிடும். துணியைத் திரியாச் சுருட்டிச் செருகு."

மனிதரிடமும் கோளாறு உண்டு. அறுபதாவது தாளைத் திருத்தும்போது கண் சொக்கும், அழகான கையெழுத்துக்கு ஒரு மதிப்பெண் கூடிவிடும் (எனக்கு அப்படி யாரும் போட்டதில்லை!). அதனால்தான் ஆய்வாளர்கள் பல நடுவர்களைத் தனித்தனியே திருத்தச் சொல்லிச் சராசரி எடுக்கிறார்கள்.

புதுமையை எடைபோடுவதில் மனிதர், கணினி என இரு தரப்பும் சறுக்கிய கதை ஒன்று உண்டு. 2016 மார்ச்சில் தென்கொரியாவின் சியோல் நகரில், 'கோ' என்ற பலகை ஆட்டத்தில் ஆட்டக்காரர் லீ செடோலும் ஆல்ஃபாகோ என்ற கணினி நிரலும் மோதினார்கள். இரண்டாம் ஆட்டத்தில் நிரல் வைத்த 37ஆவது காயைத் தவறு என்றே நினைத்தார்கள் வர்ணனையாளர்கள். அந்தக் காய்தான் வெற்றிக்கு வழி திறந்தது. நான்காம் ஆட்டத்தில் லீ 78ஆவது காயை வைத்தார். மனிதர் அப்படி வைக்கப் பத்தாயிரத்தில் ஒரு வாய்ப்புதான் என்பது நிரலின் கணக்கு. அடுத்த காயிலேயே நிரல் தவறியது. தவறியது அதற்குத் தெரியவே ஏறக்குறைய 87ஆவது காய் வரை ஆனது!